பால் கொண்டு போன மழைக்காலம்

ஜாதவ்பூரிலிருந்து கிடர்பூருக்கு நான் சைக்கிளில்தான் வேலைக்குப் போய்வருகிறேன். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அப்படித்தான். துறைமுகத்துக்கு எதிரே, கப்பலில் வரும் சரக்குகளுக்குக் கஸ்டம்ஸ் வேலைகளை முடித்துக் கொடுக்கும் ஒரு சின்ன ஆபீஸில் கிளார்க். பஸ்ஸில் ஏறினால் எப்போது இறங்குவோம் என்று யாராலும் சொல்ல முடியாது. சைக்கிளில் ஏறினால் சொல்லலாம். கல்கத்தாவின் பெரிய சாலைகள் பலவற்றில் சைக்கிளுக்குத் தடை. பிடிபட்டால் அபராதம், சில சமயம் வால்வைப் பிடுங்கிக் காற்றை இறக்கிவிடுவார்கள். அதனால் சந்து சந்தாகக் கோத்து ஒரு வழி வைத்திருந்தேன். ரயில்வே லைனைத் தாண்டி, டாலிகஞ்ச் பக்கத்துக் குறுக்குத் தெருக்களில் புகுந்து, கால்வாய்ப் பாலம் ஏறி சேத்லாவில் இறங்கி, அலிப்பூர் கோர்ட்டுகளுக்குப் பின்புறமாகப் போனால் கிடர்பூர் வந்துவிடும். சித்திரை வெயிலில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். ஆடியில் முழங்கால் வரை தண்ணீர். தை மாதக் காலையில் பனியும் புகையும் சேர்ந்துகொண்டு, முன்னால் போகிற கைவண்டி கிட்டே போன பிறகுதான் கண்ணில் படும். இதையெல்லாம் நான் கஷ்டமாக நினைத்ததில்லை. எல்லோரும் ஏதோ ஒன்றில் ஏறி வேலைக்குப் போகிறார்கள், நான் இதில் போகிறேன், அவ்வளவுதான்.

அந்த ஒரு வருஷம் மட்டும் அப்படி இருக்கவில்லை.

என் மனைவி மதுரைக்காரி. அவள் இங்கே வந்து இரண்டு வருஷம்கூட ஆகாத நேரம். நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவன். தாத்தா காலத்தில் பேங்க் வேலைக்காக வந்து தங்கிவிட்ட குடும்பம். எனக்குத் தமிழைவிட வங்காளம் சரளம். அவளுக்கோ காய்காரனிடம் பேரம் பேசுகிற அளவுக்குத்தான் வந்திருந்தது. கீழ்வீட்டில் இருந்த வீட்டுக்காரரை நான் ‘தாதா’ என்று கூப்பிடுவதைக் கேட்டு முதலில் மிரண்டுபோனாள். இங்கே தாதா என்றால் அண்ணன், அவர் மனைவி பௌதி, அதாவது அண்ணி என்று சொன்ன பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள். அப்படிச் சிரிக்கிறவள்தான் அவள் அப்போது.

வயிற்றில் இரட்டைக் குழந்தைகள். ஏழாவது மாதம் தொடங்கியதும் அவளுக்குக் கால் வீங்கியது, தலைவலி வந்தது, பிரஷர் ஏறியது. வைகாசியில் ஒரு சாயங்காலம், புயல் காற்றில் தெருவில் தகரமெல்லாம் பறந்துகொண்டிருந்தபோது, அலிப்பூர் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் அவள் வயிற்றைக் கீறி இரண்டையும் எடுத்தார்கள். முதலில் பெண், அடுத்தது பையன். துணியில் சுற்றி என்னிடம் காட்டியபோது இரண்டும் அழவில்லை. பெண்ணின் கை என் கட்டைவிரல் அளவுகூட இல்லை. பையனின் தோல் வழியாக உள்ளே ஓடும் ரத்தம் தெரிந்தது. அதற்குள் அவர்களை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டார்கள்.

குழந்தைகள் கண்ணாடிப் பெட்டிக்குள் போனார்கள். மனைவிக்குத் தையல் போட்ட இடத்தில் சீழ் பிடித்தது. பிரஷரும் இறங்கவில்லை. இருந்தாலும் வேறு நோயாளிகளுக்குப் படுக்கை வேண்டுமென்று அவளைச் சில நாளில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நாங்கள் இருந்தது இரண்டாம் மாடி. படி இறங்கக் கூடாது, ஏறக் கூடாது, படுத்தே இருக்க வேண்டும் என்று உத்தரவு. அவளுடைய அப்பா பக்கவாதத்தில் கிடந்தார். அவரை விட்டு அவள் அம்மாவால் வர முடியவில்லை. என் பெற்றோர் இரண்டு பேரும் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகியிருந்தன. பகலில் பௌதி மேலே வந்து அவளுக்குச் சாதம் கொடுத்து, புண்ணுக்கு மருந்து போட்டுவிட்டுப் போவார். இவள் தமிழில் பேசுவாள், அவர் வங்காளத்தில் பேசுவார்.

குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட லேடி டாக்டர் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார்.

“பவுடர் பாலை இந்தக் குடல் தாங்காது. அம்மா பால்தான் இதுகளுக்கு மருந்து. காலையில முதல் வேளைக்கு முன்னாடி கொண்டுவந்துடுங்க. ஒரு நாள்கூட விடாதீங்க.”

அன்றிலிருந்து என் சைக்கிளுக்கு வேறு வேலை வந்துவிட்டது.

இரவிலும் விடியற்காலையிலும் மனைவி பம்ப் வைத்துப் பால் எடுப்பாள். கொதிக்க வைத்த இரண்டு சின்ன பாட்டில்களில் ஊற்றி, ஒன்றில் பெண் என்றும் ஒன்றில் பையன் என்றும் பிளாஸ்திரி ஒட்டி எழுதுவாள். எழுத வேண்டிய அவசியமே இல்லை, இரண்டும் ஒரே பால்தான். ஆனால் அவள் எழுதுவாள். நான் அதை ஐஸ் போட்ட பையில் வைத்து, பையைக் கேரியரில் கட்டாமல் மார்போடு குறுக்கே மாட்டிக்கொள்வேன். கேரியரில் வைத்தால் குலுங்கும் என்று எனக்கு ஒரு பயம். வீட்டு ஃப்ரிட்ஜ் ஐஸ் கரண்ட் போகிற நாளில் கைகொடுக்காது. தெருமுனை மீன் கடைக்காரர் பலகைக்கு அடியிலிருந்து சுத்தமான கட்டியாகப் பார்த்து உடைத்துக் கொடுப்பார். பையை ஆஸ்பத்திரியில் திறந்தால் லேசாக மீன் வாசனை வரும். நர்ஸ் மூக்கைச் சுளித்துவிட்டு வாங்கிக்கொள்வார்.

பாலைக் கொடுத்துவிட்டு ஆபீஸ். ஆபீஸ் முடிந்து திரும்பி வருகிற வழியில் மறுபடி ஆஸ்பத்திரி. கை கழுவி, கவுன் மாட்டி, வார்டின் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு, காலி பாட்டில்களை வாங்கிக்கொண்டு வீடு. கதவைத் திறந்ததும் அவள் கேட்பது ஒரே கேள்வி.

“ரெண்டு பேரும் குடிச்சாங்களா?”

“குடிச்சாங்க.”

“எவ்வளவு?”

“ஒரு ஸ்பூன் இருக்கும்னு சொன்னாங்க.”

“நேத்தும் அதே ஒரு ஸ்பூன்தானங்க சொன்னாங்க.”

கைகால் கழுவப் போவதுபோல் குளியலறைக்குள் போய் நின்றுகொள்வேன்.

ஆனி பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. இந்த ஊர் மழையைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. மழை நின்ற பிறகும் தண்ணீர் நிற்கும். தெருவில் நிற்கிற தண்ணீருக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாது. சாக்கடை மூடி திறந்திருக்கலாம், கல் இருக்கலாம், பள்ளம் இருக்கலாம். தினமும் போகிற வழிதான், இருந்தாலும் தண்ணீர் ஏறிய அன்று அது புது ஊர். நான் இறங்கி, இடது கையால் ஹேண்டில்பாரையும் வலது கையால் மார்பிலிருந்த பையையும் பிடித்துக்கொண்டு, காலால் தடவித் தடவி நடப்பேன். செயின் நனைந்து கிறீச்சிடும். பிரேக் கட்டை பிடிக்காது. எதிரே லாரி வந்தால் அலை எழுந்து இடுப்பில் அடிக்கும். அப்போது பையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொள்வேன். தெருக்காரர்கள் சிலர் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். பையில் என்ன இருக்கிறதென்று அவர்களுக்குத் தெரியாது.

ஒருநாள் மனைவிக்குப் பால் சுத்தமாக வரவில்லை. பம்ப்பை வைத்து வைத்து மார்பு சிவந்துபோயிருந்தது. பாட்டிலின் அடியில் நாலு சொட்டு.

“இந்த மிஷினப் பாத்துக்கிட்டு எனக்கு எப்பிடிங்க பால் வரும்? அதுங்க மூஞ்சிய நான் ஒரு தடவதான பாத்திருக்கேன். அதுவும் மயக்கத்துல” என்றாள்.

வார்டுக்குள் போனைக் கொண்டுபோக விடமாட்டார்கள். நான் நர்ஸிடம் நிலைமையைச் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, உள்ளே போய், குழந்தைகளுக்கு அடியில் விரித்திருந்த இரண்டு துண்டுத் துணிகளை எடுத்துவந்து தனித்தனிக் கவரில் போட்டுக் கொடுத்தார்.

“துவைக்காம குடுங்க. மோந்து பாக்கச் சொல்லுங்க” என்றார்.

அன்று சாயங்காலம் ரெயின்கோட்டுக்கு உள்ளே, சட்டைக்கும் உள்ளே, தோலோடு சேர்த்து அந்தக் கவர்களை வைத்துக்கொண்டு மழையில் மிதித்தேன். மனைவி ஒவ்வொன்றாக எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள். ரொம்ப நேரம் எடுக்கவே இல்லை. பிறகு, “இது அவன்” என்றாள். எப்படித் தெரிந்ததென்று நான் கேட்கவில்லை. அன்று இரவு பால் வந்தது. அதற்குப் பிறகு தினமும் பாலைக் கொண்டுபோய்த் துணியைக் கொண்டுவந்தேன்.

ஆடி மாத நடுவில் ஒரு காலை. இரவெல்லாம் கொட்டிய மழையில் கால்வாய் பொங்கிச் சந்துகளுக்குள் வந்துவிட்டது. வழக்கமான வழியில் சைக்கிள் சீட் மட்டத்துக்குத் தண்ணீர் என்று சொன்னார்கள். வேறு வழியில்லாமல் பெரிய சாலையில் ஏறினேன். பாதித் தூரத்தில் போலீஸ்காரர் ஒருவர் குடையோடு குறுக்கே வந்து ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டார்.

“சைக்கிள் வரக்கூடாதுன்னு தெரியாதா?”

“தெரியும் தாதா. ஆஸ்பத்திரிக்குப் போறேன். குழந்தைங்களுக்குப் பால்.”

“எல்லாரும் ஆஸ்பத்திரிக்குத்தான் போறீங்க.”

நான் பையைத் திறந்து காட்டினேன். அவர் பார்த்தார், ஆனால் கையை எடுக்கவில்லை. மேலதிகாரி வரட்டும் என்றார். மழை ஐஸின் மேல் விழுந்துகொண்டிருந்தது. முதல் வேளை நேரம் நெருங்கிவிட்டது. நான் கெஞ்சினேன். வாழ்க்கையில் அதற்கு முன் யாரிடமும் அப்படிக் கெஞ்சியதில்லை. அவர் காலைத் தொடப் போனேன் என்று நினைக்கிறேன். அவர் விலகிக்கொண்டார். சைக்கிளை அங்கேயே போட்டுவிட்டுப் பையை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு ஓடினேன். செருப்பு ஒன்று தண்ணீரில் போனது.

நான் போய்ச் சேர்ந்தபோது முதல் வேளை முடிந்திருந்தது. பால் வராததால் இரண்டு பேருக்கும் பவுடர் பால் கொடுத்திருந்தார்கள். நர்ஸ் நான் நின்ற கோலத்தைப் பார்த்துவிட்டு, பாட்டில்களை வாங்கி ஃப்ரிட்ஜில் வைத்தார். “ஒரு வேளைதானே, பரவாயில்லை” என்றார். ஒரு காலில் செருப்போடு திரும்பி நடந்து வந்தேன். சைக்கிள் ட்ராஃபிக் பூத்துக்குப் பின்னால், மழை படாத இடத்தில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அந்தப் போலீஸ்காரர் என்னைப் பார்த்து முகவாயால் அதைக் காட்டினார்.

அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ பையனின் வயிறு வீங்க ஆரம்பித்தது. பாலை நிறுத்திவிட்டார்கள். குடலில் கிருமி என்றார் டாக்டர். நான் அந்த ஒரு வேளைப் பவுடர் பாலைப் பற்றிக் கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்து, “அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. இவ்வளவு சீக்கிரம் பிறந்த குழந்தைங்களுக்கு அம்மா பால் மட்டுமே குடுத்தாலும் வரும்” என்றார். நான் நம்பினேன். இன்றும் பகலில் நம்புகிறேன்.

மனைவியிடம் பையனுக்குப் பால் நிறுத்தியதைச் சொல்லவில்லை. அவள் வழக்கம்போல் இரண்டு பாட்டில் கொடுப்பாள். நான் இரண்டையும் கொண்டுபோவேன். சாயங்காலம் “ரெண்டு பேரும் குடிச்சாங்களா?” என்பாள். “குடிச்சாங்க” என்பேன்.

அந்த நாட்களில் ஒரு சாயங்காலம், ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது, கால்வாய்ப் பாலத்தின் நடுவில் நான் சைக்கிளை நிறுத்தினேன். மழை இல்லை, வானம் கறுத்து, காற்றே இல்லாமல் புழுங்கியது. பின்னால் ஆஸ்பத்திரி, முன்னால் வீடு. இரண்டு இடத்துக்கும் என்னால் போக முடியாது என்று தோன்றியது. ஆஸ்பத்திரியில் என்னால் ஆவது ஒன்றுமில்லை. வீட்டில் பொய் சொல்ல வேண்டும். கீழே கறுப்புத் தண்ணீர் நகர்ந்துகொண்டிருந்தது. ஹேண்டில்பாரை விட்டுவிட்டு, சைக்கிளை அங்கேயே சாய்த்துவிட்டு, ஏதாவது ஒரு பஸ்ஸில் ஏறி எங்கேயாவது போய்விட்டால் என்ன என்று நிஜமாகவே நினைத்தேன். பின்னால் சரக்கேற்றி வந்த வேன் ரிக்‌ஷாக்காரர், “தாதா, நகருங்க” என்றார். நகர்ந்தேன். நகர்ந்ததும் கால் தானாகப் பெடலில் ஏறியது. அவ்வளவுதான் நடந்தது. தைரியம் வந்தது என்றெல்லாம் சொல்ல மாட்டேன்.

பையன் ஒரு காலை வேளையில் போனான். நான் பாலோடு உள்ளே நுழைந்தபோது நர்ஸ் பையை வாங்கவில்லை, நாற்காலியைக் காட்டினார். டாக்டர் வந்து தோளில் கை வைத்தார். அன்று அவர்கள் என்னைக் கண்ணாடித் தடுப்புக்குள் விட்டார்கள். குழாய்களையெல்லாம் எடுத்துவிட்டிருந்தார்கள். அவன் முகத்தை நான் முழுசாகப் பார்த்தது அப்போதுதான். மனைவியின் நெற்றி.

தாதாவுக்கு போன் செய்தேன். அன்றும் ஊரெல்லாம் தண்ணீர். டாக்ஸி எதுவும் வரவில்லை. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பாதித் தூரம் நடந்தே வந்து சேர்ந்தார். மனைவியிடம் சொல்ல வேண்டாம், நான் வந்து சொல்கிறேன் என்று அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். பெண்ணின் பாட்டிலை மட்டும் நர்ஸிடம் கொடுத்தேன். சைக்கிளையும் பையையும் ஆஸ்பத்திரியிலேயே விட்டோம். வெள்ளைத் துணியில் சுற்றியிருந்த அவனை நான் வாங்கிக்கொண்டேன். அந்தத் தண்ணீரில் ஓடிய ஒரே வண்டி கை ரிக்‌ஷாதான். இழுக்கிறவர் வயதானவர், பீகார்க்காரர். என் மடியைப் பார்த்தார். எங்கே என்று மட்டும் கேட்டார். தாதா இடத்தைச் சொன்னார். குழந்தைகளைப் புதைப்பதற்கென்று விட்டிருந்த ஒரு நிலம் அது. சுற்றுச்சுவர் பக்கம் கொஞ்சம் மேடாக இருந்தது. அங்கேயும் தோண்டத் தோண்டத் தண்ணீர் ஊறியது. தோண்டுகிறவர் வாளியால் இறைத்து இறைத்து ஊற்றினார். கடைசியில் தாதா, “போதும், இதுக்கு மேல வத்தாது” என்றார். நான் குனிந்து அவனை ஈரத்தில் வைத்தேன். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத என்னால் ஆகாது.

திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போய், பெண்ணைப் பார்த்துவிட்டு, பையையும் சைக்கிளையும் எடுத்தேன். வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே மிதித்தேன். டாலிகஞ்ச் வரும்வரை ஒரு விதமாகச் சொல்லிப் பார்த்தேன். ரயில்வே லைனைத் தாண்டியதும் வேறு விதமாக. படியேறி, கதவைத் திறந்தேன். அவள் தலையணையில் சாய்ந்திருந்தாள். பௌதி பக்கத்தில் உட்கார்ந்து அவள் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். யோசித்து வைத்த எதுவும் வரவில்லை.

“ஒண்ணு போயிடுச்சும்மா” என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

“யாருங்க?”

“பையன்.”

அவள் கத்தவில்லை. கையை நீட்டிப் பையைக் கேட்டாள். உள்ளே அவன் பாட்டில் நிறைந்தபடியே இருந்தது. அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, பிளாஸ்திரியை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள்.

“எத்தன நாளா குடிக்கல?”

சொன்னேன்.

“தெரியும். துணியில வாசன மாறிப்போச்சு. நீங்களா சொல்லட்டும்னு இருந்தேன்.”

வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. பம்ப் வைக்கிற நேரம் வந்தபோது நான் அதை எடுக்கவில்லை. எடுத்தால் என்ன நினைப்பாளோ என்று இருந்தது. அவளே சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய் எடுத்துவந்தாள். “அவளுக்கு வேணும்ல” என்றாள். சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து பால் எடுத்தாள். முதுகு குலுங்கிக்கொண்டே இருந்தது. பாட்டில் நிறைந்தது. அன்றுதான் என்றுமில்லாத அளவுக்குப் பால் வந்தது.

மறுநாள் காலை நான் ஒரு பாட்டிலோடு போனேன். வெயில் அடித்தது. பத்து நாளாகப் பார்க்காத வெயில். சேறு காய்ந்து நாறிய தெருக்களில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்த வெயில்மேல் அப்படி ஒரு வெறுப்பு வந்தது.

ஆவணியில் பெண்ணைக் குழாயிலிருந்து விடுவித்தார்கள். இனி அம்மாவோ அப்பாவோ மார்போடு சேர்த்து வைத்துக்கொண்டால் சீக்கிரம் தேறுவாள் என்றார் டாக்டர். மனைவிக்குப் புண் ஆறிவந்தாலும் பிரஷர் காரணமாக இன்னும் இறங்க அனுமதி இல்லை. அதனால் நான். முதல் நாள் ஆபீஸிலிருந்து பாதி நாள் லீவு சொல்லிவிட்டுப் போனேன். வழியில் மழை பிடித்துத் தெப்பமாக நனைந்துவிட்டேன். சட்டையைக் கழற்றிய என் மார்பில் நர்ஸ் புறங்கையை வைத்துப் பார்த்தார்.

“ஐஸ் மாதிரி இருக்கீங்க தாதா. இப்படி இருந்தா குழந்தைய வைக்க முடியாது.”

துண்டால் துடைத்தார்கள், போர்வை கொடுத்தார்கள். நான் நடுங்கிக்கொண்டிருந்தேன். அவர் மறுபடி வந்து தொட்டுப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார். சூடான டீ ஒன்று கொண்டுவந்து கொடுத்தார். போர்வைக்குள் இரண்டு கையையும் மார்பில் தேய்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பாலை மட்டும் இத்தனை நாள் மழையில் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறேன். என் மகளுக்குக் கொடுக்க என் உடம்பில் கொஞ்சம் சூடு இல்லை என்று நினைத்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது. பையனைப் புதைத்த அன்றுகூட வரவில்லை. வார்டில் எல்லோருக்கும் முன்னால் போர்வையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். நர்ஸ் தடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி தொட்டுப் பார்த்து, “இப்ப சரியா இருக்கு” என்று அவளைக் கொண்டுவந்து வைத்தார். ஒரு தவளைக்குஞ்சுபோல் ஒட்டிக்கொண்டாள். நான் மூச்சு விடவே பயந்தேன்.

அதன் பிறகு கேரியரில் ஒரு பாலிதீன் பையில் உலர்ந்த பனியனும் துண்டும் எப்போதும் இருக்கும்.

துர்கா பூஜைக்குப் பந்தல் மூங்கில்கள் நட்டுச் சந்தெல்லாம் அடைத்திருந்த நேரத்தில் அவளை வீட்டுக்கு விட்டார்கள். மனைவி முதல்முறையாகப் படி இறங்கி, தாதா பிடித்துவந்த டாக்ஸியில் என்னோடு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். குழந்தையைக் கையில் கொடுத்ததும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. உச்சந்தலையில் மூக்கை வைத்து மோந்தாள். “இவதான்” என்றாள். நர்ஸ் திரும்பிக்கொண்டு ஏதோ அலமாரியை அடுக்கினார். டாக்ஸியில் வீட்டுக்குத் திரும்பினோம். தெருவில் எங்கேயோ பூஜைக்கு டாக் மேளம் அடித்துப் பழகிக்கொண்டிருந்தார்கள்.

பெண்ணுக்கு ஒரு கண்ணில் பார்வை குறைவு. இப்போது தடித்த கண்ணாடி போட்டிருக்கிறாள். வேறு குறை ஒன்றும் இல்லை. நன்றாகச் சத்தம் போடுவாள்.

மனைவி அவனைப் பற்றி ரொம்ப நாள் ஒன்றும் கேட்கவில்லை. மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குழந்தை தூங்கிக்கொண்டிருந்தபோது, துணி மடித்துக்கொண்டே, “அவன வச்ச இடத்துக்குக் கூட்டிட்டுப் போங்க” என்றாள். குழந்தையை பௌதியிடம் விட்டோம். டாக்ஸி வேண்டாம் என்றாள். கேரியரில் ஒரு மடித்த போர்வையைக் கட்டி அவளை உட்கார வைத்து மிதித்தேன். அவள் எடையே இல்லாமல் இருந்தாள். பனி விலகாத காலை. தெருவோரம் டயரைக் கொளுத்திக் குளிர் காய்ந்துகொண்டிருந்தார்கள். வழியில் அவள், “இப்பிடித்தான் தினம் போனீங்களா?” என்று கேட்டாள். “இந்த வழிதான்” என்றேன். “இவ்வளவு தூரமா” என்றாள்.

அந்த நிலத்துக்குள் போனதும் நான் நின்றுவிட்டேன். மழைக்காலத்தில் நான் பார்த்த மேடு இப்போது இல்லை. தண்ணீர் வடிந்து, மண் இறங்கி, எல்லா இடமும் ஒரே மட்டமாகக் கிடந்தது. புல் மண்டியிருந்தது. சுவருக்குப் பக்கத்தில் என்பது நினைவிருந்தது. ஆனால் சுவர் நீளமாக இருந்தது. தோண்டினவரைத் தேடினேன், அங்கே வேறு ஆள் இருந்தார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. நான் சுவரோடு ஒரு முறை போய்த் திரும்பி வந்தேன். மனைவி சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏதாவது ஓர் இடத்தைக் காட்டிவிடலாம் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். முடியவில்லை.

“தெரியலம்மா. இந்தப் பக்கம்தான். எங்கன்னு சரியாத் தெரியல.”

அவள் சைக்கிளை ஸ்டாண்ட் போட்டு நிறுத்தினாள். சுவரோரமாக நடந்து வந்து, புல்லின்மேல் அப்படியே உட்கார்ந்தாள். பனியில் புடவை நனைந்தது. உள்ளங்கையைத் தரையில் பதித்து வைத்துக்கொண்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் அழுதாள், நானும் அழுதேன். வெயில் வந்து, பனி விலகி, சுவருக்கு அந்தப் பக்கம் பஸ் ஓடும் சத்தம் கேட்க ஆரம்பித்தது. அவளுடைய ரவிக்கையின் முன்பக்கம் நனைந்து வந்தது. குழந்தைக்குப் பால் நேரம்.

அவள் முந்தானையால் மூடிக்கொண்டு எழுந்தாள். கேரியரில் ஏறி உட்கார்ந்து என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

“வேகமா மிதிங்க” என்றாள். “எந்திரிச்சிருப்பா.”